டீசல் பம்புடன் ஒரு மெக்சிக்கோ பஸ் பயணம்

போன மாதம் ரூபன் வீட்டுக்கு வந்தான். படகுப் பட்டறையில் ஒன்பது வருடம் என்னோடு வேலை செய்தவன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தைப் பார்ப்பவன். ஒரு பாய்மரப் படகைப் பசிபிக் கடலுக்குக் கொண்டுபோகும் வேலை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. இத்தாலியில், பாலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீடு நான்காம் மாடியில். ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே கேட்டான்.

"யோகண்ணை, நீங்கள் மெக்சிக்கோக் கரையிலை கனநாள் நிண்டனீங்களாம். அங்கை எஞ்சின் பழுதானால் என்ன செய்யிறது?"

"பழுதான துண்டைக் கழட்டி, துவாயாலை சுத்தி, பஸ்ஸிலை ஏறோணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப ஆரண்ணை பஸ்ஸிலை போறது? போனிலை படம் எடுத்து அனுப்பினால் நாலு நாளிலை சாமான் படகடிக்கே வரும்."

வந்தால் நல்லதுதான். நாங்கள் பட்ட பாட்டை இவர்களும் படவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. தேநீர் கொண்டுவந்து வைத்த என் மனைவி, "சிவமலரின்ரை கதையைச் சொல்லுங்கோவன்" என்றாள். சொன்னேன். சொல்லி முடித்ததும், இதை எழுதித் தாருங்கள் என்று ரூபன் பிடிவாதமாக நின்றான். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்து பதினைந்து வயதில் வள்ளம் ஏறினேன். போரில் ஊரை விட்டு எழும்பச் சொன்னபோது எழும்பினோம். பிறகு எங்கும் நிலையாக இருக்க முடியவில்லை. பாலெர்மோவுக்கு வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. முதல் நான்கு வருடம் ஒரு சிஞ்ஞோராவின், வசதியான இத்தாலிய அம்மாவின், வீட்டில் தரை துடைத்தேன். அவருடைய மருமகனின் படகு ஒரு நாள் இயங்க மறுத்தது. ஒரு ஸ்குரூடிரைவரும் பழைய பல்தூரிகையும் வாங்கி அதை இயக்கிக் காட்டினேன். அடுத்த திங்கட்கிழமை படகுப் பட்டறையில் வேலை. அங்கேதான் கொமந்தாந்தேயைச் சந்தித்தேன்.

கொமந்தாந்தே என்பது கப்பல் தலைவரை இத்தாலியர் அழைக்கும் சொல். அவருடைய பெயர் கயெத்தானோ. நாற்பது வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, 'ரோசாலியா' என்ற தன் இரும்புப் படகில் உலகைச் சுற்றிவர முடிவு செய்திருந்தார். எஞ்சினைப் பார்க்க ஒருவர் தேவை என்று என்னிடம் வந்தார்.

பாலெர்மோவில் எங்களவரை எல்லோரும் 'தூ' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் 'நீ' போல. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழகிவிட்டது. கொமந்தாந்தே முதல் நாளே என்னை 'லேய்' என்றார். அது நம் 'நீங்கள்'. என் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார். அடுத்த நாள், "சிஞ்ஞோர் யோகநாதன், எப்போது புறப்படலாம்?" என்று ஒரு எழுத்தும் பிசகாமல் கேட்டார். வீட்டில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது. காலை ஏழு மணிக்கு, கோப்பி குடிக்கும் முன்பு, நான் எஞ்சினைப் பார்ப்பேன். எண்ணெய் அளவுகோலை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி இழுத்துப் பார்ப்பேன். ஒரு துளியை விரல்களுக்கு நடுவே தேய்த்து மணந்து பார்ப்பேன். எஞ்சினின் இறப்பர் பட்டியைப் பெருவிரலால் அமுக்குவேன். எஞ்சினை இயக்கிவிட்டுப் பின்பக்கம் போய், புகையோடு தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். பிறகு அவர் முன்னால் நின்று சொல்வேன். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்வார். "ஆம்" என்று நான் ஒப்புக்கொண்ட பிறகே தன் குறிப்புக் கொப்பியில் எழுதுவார். அவர் திருப்பிச் சொன்னதில் சின்னப் பிழை இருந்தாலும் முதலிலிருந்து தொடங்குவோம். ஆரம்பத்தில் எனக்கு இது விசர் வேலையாகப் பட்டது. அத்திலாந்திக்கின் நடுவில், பதினாறாம் நாள், அதுவே பெரிய ஆறுதலாகிவிட்டது.

பனாமாவைக் கடந்து, கரையோரமாக மேலேறி, மெக்சிக்கோவில் பார்ரா என்ற சிற்றூரின் கடலோரக் களப்புக்குள் நங்கூரம் போட்டோம். வந்து இரண்டு மாதம் ஆன ஒரு காலையில், துளியைத் தேய்த்த என் விரல்களில் டீசல் மணத்தது. அளவுகோலிலும் எண்ணெய் ஒரு விரல் கூடியிருந்தது. டீசல் பம்பின் சீல் கிழிந்து, டீசல், எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கியிருந்தது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் உருகிப்போகும்.

புயல் காலம் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் வடக்கே, புயல் குறைந்த உள்வளைகுடாவுக்குப் போய்விட வேண்டும். களப்பின் வாய் ஒடுக்கம். எஞ்சின் இல்லாமல் அந்த நீரோட்டத்தில் வெளியேற முடியாது. பம்பைச் சரிபார்க்கும் இடம் குவாதலஹாராவில்தான், பஸ்ஸில் ஆறு மணி நேரம். நங்கூரத்தில் நிற்கும் படகைத் தனியே விட முடியாது என்பதால் நான் போவது என்று முடிவாயிற்று.

பம்பைக் கழற்றி, துளைகளுக்கு மரக்கட்டை அடைத்து, சவர்க்காரத்தால் கழுவி, இரண்டு துவாயில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டேன். அப்படியும் மணம் போகவில்லை. பஸ் சாரதி பேத்தோ பருத்த மனிதர். வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"உள்ளே என்ன?"

"படகின் இதயம்," என்றேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழி அவ்வளவுதான், பாதி இத்தாலியம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாமான் அறையில் தன் சொந்தப் பைக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அம்மா, பிறந்தநாள் கேக் ஒன்றை மடியில் வைத்திருந்தார். மலை வளைவுகளில் கை ஓய்ந்துபோன அவர், ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கினார். இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தேன். இறங்கும்போது ஓரத்திலிருந்த கிறீமை விரலால் வழித்து எனக்குத் தந்தார்.

குவாதலஹாராவில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. வாசலில் பெரிதாக 'லபோரத்தோரியோ', பரிசோதனைக்கூடம், என்று எழுதியிருந்தது. இரத்தம் பரிசோதிக்கிற இடமாக்கும் என்று நினைத்து மூன்று தடவை கடந்து போயிருக்கிறேன். உள்ளே இருந்தவரும் வைத்தியர் போல வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். இரண்டு நாளில் சீல்களை மாற்றி, பம்பைச் சோதனை மேசையில் பூட்டிச் சுழற்றினார். நான்கு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறியது. நான்கும் ஒரே உயரத்தில் நிற்கும் வரை திருகி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அப்படிச் சுத்தமாகச் செய்த வேலையைப் பார்ப்பது தனிச் சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில்தான் என் பிழை நடந்தது. கடவுச்சீட்டையும் அதற்குள் இருந்த நுழைவுத் துண்டையும் இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி கொமந்தாந்தே சொல்லியிருந்தார். அன்று வெக்கையாக இருந்தது. இடுப்புப் பையை அவிழ்த்துச் சாக்குக்குள் ஓரமாகச் செருகிவிட்டேன். திரும்பி வரும்போது மலை வளைவுகளில் ஒரு கட்டை தளர்ந்து, பம்புக்குள் மிச்சமிருந்த டீசல் கசிந்தது.

பாதை மலையிறங்கிக் கடற்கரையோடு சேரும் சந்தியில் ஒரு சோதனைச் சாவடி. அதே பேத்தோதான் சாரதி. அதிகாரி ஏறி வந்து, என் முகத்தைப் பார்த்து முன்னால் அழைத்தார். காலடியில் இருந்த சாக்கோடு போய், திறந்து கடவுச்சீட்டைக் கொடுத்தேன். நுழைவுத் துண்டில் மை ஊதாவாகக் கரைந்து ஓடியிருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"சால்கா," என்றார்.

இத்தாலிய மொழியில் மரியாதையாக 'சால்கா' என்றால் 'ஏறுங்கள்'. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்து, நன்றி சொல்லி, என் இருக்கைக்குப் போய் இருந்தேன். அவர் பின்னாலேயே வந்து இன்னும் உரக்க, "சால்கா!" என்றார். நான் இன்னும் நன்றாகச் சாய்ந்து இருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் கையைக் கீழே காட்டிக் கத்தினார்கள். அப்போதுதான் விளங்கியது. அவர்கள் மொழியில் அதே சொல்லுக்கு 'வெளியே வாருங்கள்' என்று பொருள். அதற்குள் இரண்டாவது அதிகாரியின் கை என் தோளில் இருந்தது.

சாவடிக்குள் சாக்கை இறக்கியபோது அது என் கால்விரலில் விழுந்தது.

"அட கோதாரி!" என்றேன்.

சுவரோர மர வாங்கில் சால்வையால் மூடிக்கொண்டு சாய்ந்திருந்த உருவம் ஒன்று நிமிர்ந்தது. "அண்ணை... நீங்கள் தமிழோ?"

என் கால் வலி போன இடம் தெரியவில்லை.

நாற்பது வயது இருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. பெயர் சிவமலர், முல்லைத்தீவுப் பக்கம். கனடாவில் இருக்கும் கணவரிடம் போவதற்காகப் புறப்பட்டவர். கூட்டிவந்தவர்கள் பணத்தையும் பைகளையும் எடுத்துக்கொண்டு நடுவழியில் விட்டுவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து முதல் நாள் மத்தியானம் இறக்கப்பட்டிருந்தார்.

"எனக்குச் சீனி வருத்தம் அண்ணை. மருந்துக் குளிசை அந்தப் பையோடை போட்டுது. இண்டைக்கு நாலாம் நாள். தண்ணி விடாய் தாங்கேலாமல் கிடக்கு. இவை பாவம், நல்ல மனுசர், கேக்கக் கேக்கச் சோடா வாங்கித் தருகினம்."

வாங்கில் இரண்டு சோடாப் போத்தல்கள் வெறுமையாகக் கிடந்தன. பக்கத்தில் பாதி கடித்த இனிப்புப் பாண். நீரிழிவுக்கு அதுவே நஞ்சு. நான் அங்கிருந்த பெண் அதிகாரியிடம் ஓடினேன். கடைகளில் பொறுக்கிய ஸ்பானியச் சொற்களைக் கோத்து, "சீனி! இரத்தம்! சோடா வேண்டாம்!" என்றேன். அவர் ஒரு கணம் பார்த்தார். தலையில் கை வைத்தார். தன் அம்மாவுக்கும் அதே வருத்தம் என்று சொல்லியபடியே வாகனத்தின் சாவியை எடுத்தார்.

வெளியே பேத்தோ ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே இறங்கி வந்து, நான்கு நாளைக்கு முன் இந்த மனிதரை நான்தான் மேலே கொண்டுபோனேன், படகுக்காரர், என்று அதிகாரியிடம் சொன்னார். கொமந்தாந்தேயின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அவர் தொலைபேசியில் என் கடவுச்சீட்டு இலக்கத்தையும் நாங்கள் நாட்டுக்குள் நுழைந்த நாளையும் கொப்பியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் என் பிரச்சினை தீர்ந்தது. "நீங்கள் போகலாம்," என்ற பெண் அதிகாரி, சற்றுத் தயங்கி, "நின்றாலும் நல்லது. நாளை இவருடைய வாக்குமூலம் எடுக்கவேண்டும். இவருடைய மொழி தெரிந்தவர் இங்கே ஒருவரும் இல்லை," என்றார்.

பார்ரா இன்னும் ஒரு மணி நேரம். பம்பைப் பூட்ட இரண்டு நாள். காற்று அந்த வாரம் வடக்கே போக ஏற்றதாக இருந்தது. வாங்கில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சாக்கைத் தூக்கி பேத்தோவின் கையில் கொடுத்தேன். "பார்ரா பஸ் நிலையத்தில் என் கொமந்தாந்தே நிற்பார், வெள்ளைத் தாடிக்காரர்."

"இதயத்தை என்னிடமா தருகிறாய்?" என்று கேட்டபடி அவர் அதை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சேலைன் ஏற்றிய பிறகு சிவமலருக்கு முகம் தெளிந்தது. அன்று பின்னேரம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, நாளைக்கு என்னத்தைச் சொன்னால் என்னை விடுவினம்? நீங்கள் சொல்லித் தாங்கோ, அப்படியே சொல்லுறன்."

இத்தாலியில் என் வாக்குமூலம் எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. நான் பத்து நிமிடம் அழுதழுது சொன்னதை, மொழிபெயர்த்தவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். எனக்கு மொழி தெரியாது. ஆனால் வரியின் நீளம் தெரியும். அதைத் திருத்த எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

"நடந்ததைச் சொல்லுங்கோ தங்கச்சி. ஒண்டும் கூட்டாமல், ஒண்டும் குறைக்காமல். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்ரை வேலை."

சொல்லிவிட்டேன், ஆனால் காலையில்தான் ஒரு சொல்லைத் தலைகீழாக விளங்கியவன் நான். வெளியே போய்க் கொமந்தாந்தேக்குத் தொலைபேசி எடுத்தேன். பம்பு பற்றி முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "என் ஸ்பானிய மொழி மீன் வாங்கப் போதும், இதற்குப் போதாது. ஒரு சொல் பிழைத்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போய்விடும்," என்றேன்.

அவர் வழக்கம் போல நான் சொன்னதெல்லாம் திருப்பிச் சொன்னார். "ஆம்," என்றேன்.

"சிஞ்ஞோர் யோகநாதன், எனக்கு ஸ்பானிய மொழி வரும். நீங்கள் தமிழிலிருந்து இத்தாலியத்துக்கு, நான் இத்தாலியத்திலிருந்து ஸ்பானியத்துக்கு. முதல் பஸ்ஸில் வருகிறேன்."

"படகு?"

"பக்கத்து மீனவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்."

அதுவரை அவர் ரோசாலியாவை யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

மறுநாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். எனக்கும் ஒரு சட்டை கொண்டுவந்திருந்தார். கட்டிலில் சிவமலர், ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர், கால்மாட்டில் கணினியோடு பெண் அதிகாரி. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை. சிவமலர் ஒரு வசனம் சொல்வார். நான் இத்தாலியத்தில் சொல்வேன். கொமந்தாந்தே அதை எனக்கே திருப்பிச் சொல்வார். நான் தமிழில் சிவமலரிடம் சரிபார்ப்பேன். அவர் தலையசைத்த பிறகுதான் அது ஸ்பானியத்துக்குப் போகும். அதிகாரி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

சிவமலரின் தம்பியைப் பற்றி வந்தபோது நான் ஒரு இத்தாலியச் சொல்லைப் போட்டேன். கொமந்தாந்தே கையை உயர்த்தினார்.

"நில்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் இரண்டு பொருள். இறந்துவிட்டாரா, காணாமல் போய்விட்டாரா?"

நான் கேட்டேன். சிவமலர் படுக்கையில் எழுந்து இருந்தார்.

"செத்தவன் எண்டு எழுத விடாதேங்கோ அண்ணை. காணாமல் போட்டான். நான் கையெழுத்து வச்சுக் குடுத்த எல்லாக் கடுதாசியிலையும் அப்பிடித்தான் இருக்கு. அவன் எங்கை எண்டு கேட்டுக் கேட்டுத் திரிஞ்சதாலைதான் எனக்கு அங்கை இருக்கேலாமல் போனது."

நான் சொன்னேன். கொமந்தாந்தே சொன்னார். அந்த நாட்டுக்காரருக்கு அந்தச் சொல் புதிதல்ல; அங்கேயும் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் ஏராளம். அதிகாரியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. பிறகு, அவர் மிகக் கவனமாக ஒவ்வொரு எழுத்தாக அதை அடித்தார். ஊருக்குத் திரும்பப் பயமென்றால் இந்த நாட்டிலேயே பாதுகாப்புக் கேட்கலாம், அதையும் இவரிடம் விளங்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னோம், மூன்று தடவை. சிவமலர் பாதுகாப்புக் கேட்டார்.

குவாதலஹாராவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதியில் அவருக்கு இடம் கிடைக்கும் வரை நின்றுவிட்டு, ஐந்தாம் நாள் படகுக்குத் திரும்பினோம். பம்பு பேத்தோ கொடுத்தபடியே துவாய்க்குள் இருந்தது. அதைப் பூட்டி எஞ்சினை இயக்கிய அன்று, தெற்கே முதல் புயல் காலத்துக்கு முன்பே எழும்பிவிட்டதாக வானொலி சொன்னது. கொமந்தாந்தே வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். மடித்து வைத்தார்.

"இங்கேயே நிற்கிறோம்," என்றார்.

படகைக் களப்பின் உட்கோடிக்குக் கொண்டுபோய், நீரோரக் கண்டல் மரங்களோடு ஏழு கயிற்றால் கட்டினோம். ஐந்து மாதம் அங்கே இருந்தோம். காலையில் எஞ்சின் பார்த்த பிறகு நான் சின்னத் தோணியில் ஊருக்குப் போவேன். சோள ரொட்டிக் கடையில் துணியோடு வரிசையில் நிற்பேன். சுடச்சுட அடுக்கி எடைக்குத் தருவார்கள். மீனவர் வள்ளங்கள் வந்தால், எங்கள் அறக்குளா போல ஒரு மீன் இருக்கும், அதை வாங்குவேன். சந்தையில் புளி பார்த்த நாள் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் அதைக் கரைத்துச் சீனி போட்டுக் குடிக்கிறார்கள். மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். அதில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சாயோ அம்மாவுக்கு நான் கடலை வடை சுட்டுக் காட்டினேன். மத்தியானம் மூன்று மணிக்கு மழை அடித்து ஊற்றும். கொமந்தாந்தே மேற்தளத்துக் கூடாரத்தின் கீழே அமர்ந்து ஊர்க்காரரோடு டொமினோ ஆடுவார், எப்போதும் தோற்பார். ஒரு புயல் எங்களுக்கு மேலால் போனது. கயிறு இரண்டு அறுந்தது, படகு நின்றது.

இவ்வளவுக்கும் பயணம் கெட்டதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் உறுத்தல்.

மழை ஓயும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தோவின் பஸ்ஸில் சிவமலர் வந்து இறங்கினார். இரண்டு காலிலும் செருப்பு. கையில் கண்ணாடி உறையில் போட்ட ஒரு தாள். அந்த நாட்டில் இருக்கலாம் என்ற அனுமதி. விடுதிச் சமையலறையில் வேலை, கணவரை அங்கேயே வரச்சொல்லிக் கடிதம் போட்டாயிற்று. கொமந்தாந்தே கோட்டுப் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்து, தோணியில் ஏற அவருக்குக் கை கொடுத்தார்.

படகின் சின்ன அடுப்பில், சிவமலர் சந்தைப் புளி கரைத்து மீன் குழம்பு வைத்தார். கொமந்தாந்தேக்கு நெற்றியெல்லாம் வியர்வை, மூக்கில் தண்ணீர். கரண்டியை மட்டும் வைக்கவில்லை. அப்போதுதான் சிவமலர் தலை குனிந்தபடி கேட்டார்.

"என்னாலை உங்கட பயணம் கெட்டுப் போச்செண்டு பேத்தோ ஐயா சொன்னார். உண்மையோ அண்ணை?"

"சேச்சே, அப்படி ஒண்டும் இல்லை," என்றேன்.

"என்ன கேட்டார்?" என்றார் கொமந்தாந்தே. சொன்னேன். "நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?" அதையும் சொன்னேன்.

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். "பிழை. இதை அப்படியே சொல்லுங்கள். ஆம், உங்களால் எங்கள் பருவம் முழுவதும் போய்விட்டது. அது போகாமல் இருந்திருந்தால், இந்நேரம் ஏதோ ஒரு தீவின் ஓரத்தில் தகரத்தில் அடைத்த இறைச்சியைத் தின்றுகொண்டு இருந்திருப்பேன். கடவுளுக்கு நன்றி என்று சொல்லுங்கள்."

ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். சிவமலர் கேட்டு முடித்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப ஐயாவைக் கேளுங்கோ, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு."

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்பே கொமந்தாந்தே சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிவிட்டார்.